இரண்டு கையால் கொடுத்த டப்பா

விஜயகுமாரியின் குரலைக் கேட்டுப் பல்லைக் கடிக்காத பயணி ஹைதராபாத்தில் இருந்திருக்க மாட்டார். சாரிகா ஏர்வேஸ் விமானம் தாமதமானால் அதைச் சொல்வது அவள் வேலை. தெலுங்கில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. சென்னை விமானமாக இருந்தால் தமிழிலும். அவள் மைக்கைக் கையில் எடுத்ததைப் பார்த்தாலே காத்திருப்பவர்களின் முகம் சுருங்கிவிடும். நல்ல செய்தி சொல்ல யாரும் மைக்கை எடுப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

நான் சாரங்கபாணி. அதே கம்பெனியில் தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பகுதியில் இருந்தேன். என்னிடம் வருபவர்களும் திட்டத்தான் வருவார்கள். ஆக, நாங்கள் இருவரும் சம்பளம் வாங்கியது திட்டு வாங்குவதற்காக. எனக்கு வாய் நீளம், திருப்பித் திட்டிவிட்டு மெமோ வாங்குவேன். விஜயகுமாரி அப்படியில்லை. எத்தனை பேர் சூழ்ந்துகொண்டு கத்தினாலும் அவள் குரல் ஒரே உயரத்தில் இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் வரும், பெருமையாகவும் இருக்கும்.

அவள் மல்காஜ்கிரிக்காரி. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் கார்டு. புருஷன் ஜெயந்த் நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனியை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிறகு அங்கே கொஞ்ச நாள், இங்கே கொஞ்ச நாள் என்று போய் வந்துகொண்டிருந்தான். மகள் ஸ்ரீஜா பத்தாம் வகுப்பு. ஆக, அந்த வீடு விஜயகுமாரியின் வேலையில் நின்றது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. விமானம் தாமதமானால் பயணிகளிடம் முழுசாகச் சொல்லக் கூடாது. முதலில் அரை மணி என்போம். அப்புறம் இன்னொரு அரை மணி. அப்புறம் "தொழில்நுட்பக் காரணங்களால்". மும்பை தலைமை அலுவலகம் எழுதிக் கொடுத்த வசனம் அது, ஒரு சொல் மாற்ற உரிமை கிடையாது. கடைசியில் தின்பண்ட டப்பா வரும். வெள்ளை அட்டை டப்பா. உள்ளே ஒரு வெஜ் பப்ஸ், ஒரு துண்டு கேக், ஒரு மாம்பழ ஜூஸ். டப்பா வண்டி வந்துவிட்டது என்றால் விமானம் கிளம்பாது என்று எங்களுக்குத் தெரியும். கிளம்பப்போகிற விமானத்துக்குச் சிக்கனம் பார்க்கிற கம்பெனி டப்பா கொடுக்காது. பயணிகள் மட்டும், பரவாயில்லையே, நன்றாகக் கவனிக்கிறார்களே என்று பப்ஸைக் கடிப்பார்கள். இது எங்கள் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. கவுன்ட்டரில் இருந்த ஒரு பையனுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனபோது, "பொண்ணு வீட்டுல டப்பா குடுத்துட்டாங்க" என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

மற்றவர்கள் டப்பாவைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விஜயகுமாரி மட்டும் இரண்டு கையாலும் கொடுப்பாள், தாம்பூலம் கொடுப்பதுபோல. ஒருநாள் விசாகப்பட்டினம் போக வேண்டிய ஒரு பெரியவர், காரியத்துக்குப் போகிறவர், அவளிடம் மெல்லிய குரலில், "ஃப்ளைட் போகுமாம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். அவளால் போகாது என்று சொல்ல முடியாது. வண்டி வருவதற்கு முன்பே அவளே உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் நீட்டி, அவர் முகத்தையே பார்த்தாள். அவர் புரிந்துகொண்டார். டப்பாவை வாங்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். அதற்கப்புறம் வாயால் சொல்லக் கூடாததைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

2008இல் விமான நிலையம் பேகம்பேட்டிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு மாறியது. புது இடம், பளபளவென்று தரை, வழுக்கி விழுந்தால்கூட முகம் தெரியும். மாறும்போதே கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது: நாம் அனைவரும் ஒரே குடும்பம், யாரையும் விட்டுவிட மாட்டோம். அடுத்த மாதமே பெட்டி தூக்கும் ஒப்பந்த ஆட்களைக் காணோம். அப்புறம் டீ இயந்திரத்தைக் காணோம். அப்புறம் மும்பையிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் நாற்காலிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மனுஷனை எடுக்காமல் நாற்காலியை எடுக்கிறவனை எப்படி நம்புவது?

எண்ணெய் விலை ஏறியது, அமெரிக்காவில் என்னென்னவோ கவிழ்ந்தது. லேப்டாப் பையோடு வந்து எங்களிடம் கத்துகிற ஐ.டி. பையன்கள்கூட அந்த அக்டோபரில் கத்துவதைக் குறைத்துக்கொண்டார்கள். வேறு விமானக் கம்பெனிகளில் ஆட்களைக் கூட்டமாக அனுப்புகிறார்கள் என்று டி.வி.யில் காட்டினான். ஸ்டாஃப் பஸ்ஸில் முன்பெல்லாம் ஆராம்கர் வரை ஒரே சிரிப்பாக இருக்கும். இப்போது எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். மேனேஜர் யாருக்கு குட்மார்னிங் சொன்னார், யாருக்குச் சொல்லவில்லை என்று கணக்குப் போட்டோம். ஒருத்தன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் காலை ஷிஃப்டில் இருந்தால் அவன் மேனேஜரின் ஆள் என்றோம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பகிர்ந்து சாப்பிட்ட கூட்டம், ஆளுக்கொரு மூலையில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வேலை போகிறதற்கு முன்னாலேயே மனுஷர்கள் போய்விட்டார்கள்.

எங்கள் மேனேஜர் பெயர் லக்ஷ்மிநாராயணன். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அதற்கு முன் ஏதோ ஹோட்டல் கம்பெனியில் இருந்தாராம். டையை நிமிஷத்துக்கு ஒரு தடவை சரி செய்துகொள்வார். எங்களை 'டீம்' என்று கூப்பிடுவார். அவரை எனக்குப் பிடிக்காது. மும்பை சொல்வதை வடிகட்டாமல் எங்கள் தலையில் ஊற்றுகிற குழாய் அவர் என்பது என் கருத்து. டப்பா கதையெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நம்பினோம். இதையெல்லாம் மேலதிகாரியிடம் யார் போய்ச் சொல்வது?

தீபாவளிக்கு முந்தைய வாரம், புதன்கிழமை, அவர் விஜயகுமாரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அவளே எனக்குச் சொன்னாள்.

"உக்காருங்க விஜயகுமாரி. ஒரு உதவி வேணும். நான் சொன்னா யாரும் நம்பறதில்ல. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாராம்.

"என்ன சொல்லணும் சார்?"

"யாருக்கும் வேலை போகாது, தைரியமா இருங்கன்னு. நாளைக்கு மதியம் எல்லாரையும் கூப்பிடறேன். நீங்க நாலு வார்த்தை பேசுங்க. தீபாவளிக் கூட்டம் வருது. இப்ப ஆளுங்க வேற வேலை தேடி ஓடிட்டா ஸ்டேஷன் நாறிடும்."

"நெஜமாவே யாரும் போகமாட்டாங்களா சார்?"

அவர் டையைச் சரி செய்துகொண்டார். "இப்போதைக்கு அப்படித்தான்."

'இப்போதைக்கு' என்ற சொல்லை அவள் மைக்கில் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது?

"நீங்க இருப்பீங்க. அது என் பொறுப்பு" என்றும் சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸில் இதைக் கேட்டு நான் கொதித்தேன். "நக்கோம்மா, நக்கோ, வேணாம்! அந்தாளுக்கு நீ எதுக்கு வாய் குடுக்கணும்? பொய் சொல்றதுக்கு அவனுக்கு சொந்த வாய் இல்லியா?"

"மெதுவா பேசுங்க பாணி அண்ணா. ஸ்டெல்லா கேக்கறா."

ஸ்டெல்லா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். குகட்பள்ளியில் இருந்து வருகிறவள், கவுன்ட்டரில் மிக இளையவள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து எங்களிடம் வந்தாள்.

"விஜிக்கா, ஹைடெக் சிட்டில ஒரு கால் சென்டர்ல சனிக்கிழமை இன்டர்வ்யூக்கு கூப்ட்ருக்காங்க. போகவா வேணாமா? போனது இங்க தெரிஞ்சா முதல்ல என்னைத்தான் அனுப்புவாங்க. நாளைக்கு மீட்டிங்ல நீங்க பேசறீங்கன்னு சொல்றாங்க. நீங்க சொல்றதுதான். நான் வேற யாரையும் நம்பல."

விஜயகுமாரி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஸ்டெல்லா தன் இடத்துக்குப் போன பிறகு விஜயகுமாரி எனக்கு இன்னொரு விஷயம் சொன்னாள். செகந்திராபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வியாழன் மாலை ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதாவது மறுநாள்.

"அப்ப போயிடேம்மா!"

"மைக்கை விட்டுட்டா அண்ணா? சார் நான் இருப்பேன்னு சொல்லியிருக்காரு. வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"மத்தவங்க விஷயத்துல அந்தாள நம்பமாட்ட. உன் விஷயத்துல மட்டும் நம்புவியா?"

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கே நான் கேட்டது அதிகமாகப் பட்டது. ஆனால் கேட்டது சரிதான். ஊரார் விமானமெல்லாம் கிளம்பாது என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவள், தன் விமானம் மட்டும் கிளம்பும் என்று பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லையாம். ஸ்ரீஜா பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "ஏமைந்தி அம்மா?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமில்ல, படி" என்று இவள் தமிழில் சொல்லியிருக்கிறாள். மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னால் அவளுக்கு வேலை நிலைக்காது. சரி என்று பேசினால் ஸ்டெல்லா மாதிரிப் பிள்ளைகள் வந்த வேலையையும் விட்டுவிட்டு நிற்பார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அடுத்த நாள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாது.

வியாழன் காலை சென்னை விமானம் ரத்தானது. வழக்கம்போல் அரை மணி, இன்னொரு அரை மணி, தொழில்நுட்பக் காரணங்கள், டப்பா. பாதிப் பேர் கோபத்தில் டப்பாவை வாங்கவே இல்லை. கேட்டரிங்காரன் மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போக வந்தபோது, விஜயகுமாரி வண்டியைப் பிடித்து நிறுத்தினாளாம். "இருக்கட்டும், இங்கயே விட்டுட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறாள்.

மதியம் கவுன்ட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலில்லாத அறையில் கூடினோம். ஏ.சி. மட்டும் உறுமியது. மேனேஜர் முன்னால் நின்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா முதல் வரிசையில், கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"டீம், இன்னைக்கு நான் பேசப் போறதில்ல. உங்கள்ல ஒருத்தங்க பேசுவாங்க" என்றார் மேனேஜர்.

கதவு திறந்தது. விஜயகுமாரி டப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்த வண்டிக்கு ஒரு சக்கரம் கொஞ்சம் கோணல். அது கீச்சென்று கத்திக்கொண்டே உள்ளே வந்ததும் அறையில் மூச்சு நின்றது. எனக்குப் பின்னால் யாரோ "அய்யோ" என்றார்கள். மேனேஜர் ஒரு நொடி திகைத்துவிட்டு, "ஓ, லஞ்ச் டைம் இல்லையா? நல்ல ஐடியா" என்றார்.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினாள். முகத்தைப் பார்த்தாள். முதலில் ஸ்டெல்லா. அவள் வாங்கிக்கொண்டாள், அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக. என்னிடம் வந்தபோது நானும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் மேனேஜரிடமும் போனாள்.

"எனக்குமா?" என்று சிரித்தார்.

"எல்லாருக்கும் சார்."

அதோடு டப்பா தீர்ந்துவிட்டது. அவள் முன்னால் போய் நின்று பேசினாள். அவர் சொல்லச் சொன்னது எதையும் விடவில்லை. யாருக்கும் வேலை போகாது, தைரியமாக இருங்கள், தீபாவளி நேரத்தில் கம்பெனிக்குத் துணையாக நில்லுங்கள். அதே ஒரே உயரத்துக் குரல், மைக் மட்டும்தான் இல்லை. கேட்டவர்கள் யாரும் அவள் வாயைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் எழுந்து, டப்பாவோடு, ஒழுங்காக வெளியே போனார்கள். கதவருகே ஒருத்தி இன்னொருத்தியின் தோளைத் தொட்டாள். ஸ்டெல்லா வெளியே போகிற போக்கில் விஜயகுமாரியிடம், "சனிக்கிழமை லீவ் போட்டுடறேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

நான் நாற்காலிகளை அடுக்குகிற சாக்கில் அங்கேயே நின்றேன். மேனேஜர் எங்கே அவளைக் கடித்துக் குதறப்போகிறாரோ என்ற பயம். அவர் வாசல் வரை போனார். நின்றார். திரும்பி வந்தார். கையில் அவருடைய டப்பா, திறக்காமல்.

"விஜயகுமாரி, நீங்க எடுத்துக்கலையே."

"தீந்துபோச்சு சார். எனக்கெதுக்கு? நான்தான் இருக்கேனே."

அவர் டப்பாவை நீட்டினார். முதலில் ஒரு கையால். அப்புறம் என்ன நினைத்தாரோ, இன்னொரு கையையும் சேர்த்து, இரண்டு கையாலும். அவளைப் போலவே முகத்தைப் பார்க்க முயன்றார், ஆனால் அவரால் முடியவில்லை. கண் தரைக்குப் போய்விட்டது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"எடுத்துக்குங்க" என்றார். "ப்ளீஸ்."

அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வண்டி கீச்சென்று உள்ளே வந்தபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவளைத் தடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தை இனி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

விஜயகுமாரியின் முகம் வெளுத்தது. சமாளித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்யூ சார்."

அவர் டையைத் தொடாமல் வெளியே போனார்.

நான் இன்னும் அடுக்காத ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து பப்ஸை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தாள். ஆறிப்போய் எண்ணெய் வடிந்தது. இத்தனை வருஷமும் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறோம், ஒருநாளும் நாங்கள் அதைத் தின்றதில்லை.

"இவ்ளோ மோசமாவா இருக்கும்?" என்றாள். பிறகு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான் ஜூஸில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். "விஜயகுமாரி பேசறேன், சார். நான் வரேன்." தெலுங்கில் சொன்னாள், அதே ஒரே உயரத்துக் குரலில். மணி ஐந்து ஆக நிறைய நேரம் இருந்தது.

தீபாவளி முடிந்ததும் வேலை நீக்கக் கடிதங்கள் வந்தன. அவள் பெயர் இருந்தது, ஸ்டெல்லாவின் பெயர் இருந்தது, அறையில் இருந்த பெரும்பாலோர் பெயரும் இருந்தது. மற்ற ஊர்களில் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் ஆட்கள் அதற்குள் அங்கங்கே இடம் பார்த்துக்கொண்டுவிட்டார்கள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, பழையபடி ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விமானங்கள் குறைந்தாலும் பெட்டிகள் தொலைந்துகொண்டுதானே இருக்கும்!

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் மும்பையிலிருந்து போன் வந்தது. லக்ஷ்மிநாராயணனையும் அனுப்பிவிட்டார்கள். அவர் அறைச் சாமானைப் பெட்டியில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் டாக்சி ஏறிப் போனார். அன்று சாயங்காலம் அதை விஜயகுமாரிக்குச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பின்னணியில் யாரோ டோக்கன் எண் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒழிந்தான் என்று அவள் சந்தோஷப்படுவாள் என்றா போன் செய்தேன்? தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, கத்தியவருக்கு டோக்கன் எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தாள்.

"பாணி அண்ணா," என்றாள், "அவருக்கு யாராவது டப்பா குடுத்தாங்களா?"